ஆணி அடிக்காத கட்டில்

தாட்சாயணி விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் கடலையில் இருந்தன. இடது காலின் பெருவிரல் வேறொரு வேலையில் இருந்தது. விரலில் ஒரு சுருக்கு. அந்தக் கயிற்றின் மறுமுனை, அறை நடுவே உத்திரத்திலிருந்து தொங்கிய ஏணையின் அடியில் முடிந்திருந்தது. அவளுடைய பழைய நூல்புடவைதான் ஏணை. காலை நீட்டி மடக்கினால் ஏணை ஆடும். ஆடினால் பிள்ளை தூங்கும். கால் நின்றால் பிள்ளை எழுந்துவிடும். இரண்டரை வருஷமாக அந்த வீட்டில் இதுதான் சட்டம்.

விதைக்கு எடுக்கிற கடலையில் தோல் கீறல் விழக் கூடாது. ஓட்டின் மூக்கைத் தரையில் தட்டி, விரலால் நெரித்து, பருப்பை முழுசாக வெளியே எடுக்க வேண்டும். அதற்குக் கவனம் வேண்டும். கவனம் கடலைக்குப் போனால் கால் மறந்துவிடும். கால் மறந்தால் ஏணைக்குள்ளிருந்து முனகல் கேட்கும். அவள் முறத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் காலை இரண்டு தரம் வேகமாக உதறினாள். வயிற்றுக்குள் இருந்ததும் பதிலுக்கு ஓர் உதை உதைத்தது. ஏழு மாசம்.

பிள்ளைக்கு ஆதிநாராயணன் என்று பெயர். அது அவள் மாமனாரின் பெயர். அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகியும் மருமகள் அந்தப் பெயரை வாயால் சொல்ல முடியாது. ஆகவே பெற்ற பிள்ளையை, அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி, ‘நைனா’ என்றுதான் கூப்பிட்டாள். அவன் தண்ணீர்ப் பானையை உருட்டிவிட்டாலும் ‘ஏன் நைனா இப்பிடி’ என்பதோடு சரி. வாய் நிறையத் திட்டுவதற்குக்கூட வழியில்லாத பெயராக வைத்துவிட்டார்கள்.

சத்தியவேடு பக்கத்துப் பெண் அவள். அங்கே அவளை ஓட்டக்காரி என்பார்கள். நடவுக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் அவள் முன்னால் போய்விடுவாள், கூட வந்தவர்கள் பின்னாலிருந்து கத்திக்கொண்டே வருவார்கள். கல்யாணமான மறு மாசம் காணிப்பாக்கத்துக்குப் போனபோது பஸ் இறங்கிக் கோவிலுக்கு நடந்ததில் புருஷன் கோவர்த்தனன் பாதி வழியில் நின்று, “ஏய், சாமி எங்கியும் ஓடிடாது, மெல்ல நட” என்று சிரித்தான். அந்தக் கால்தான் இப்போது ஒரு முழக் கயிற்றுக்குள் இருந்தது. இன்னும் இரண்டு மாசத்தில் இன்னொரு பிள்ளை வரும். அதற்கும் ஏணை வேண்டும். அதற்கும் கால் வேண்டும். அதற்குள் மூத்தவன் ஆட்டாமல் தூங்கக் கற்றுக்கொண்டுவிட்டால் நடுவில் கொஞ்ச நாள் கால் அவளுக்கே அவளுக்கென்று இருக்கும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

வெளியிலிருந்து செங்கம்மா வந்தாள். கோவர்த்தனனின் அக்கா. ஏர்பேட்டில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் போனபின் தம்பி வீட்டுக்கே வந்துவிட்டவள். தலைச் சும்மாட்டை அவிழ்த்தபடி தாட்சாயணியின் காலைப் பார்த்தாள்.

“இன்னாடி, விரலு ஊதிக்கினு கீது?”

“சுருக்கு அறுத்துடுச்சிக்கா.”

“அப்போ அந்தக் கால்ல மாட்டுறது.”

“அதுவும் அறுத்துதான் கீது.”

செங்கம்மா சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்தாள். ஏணையை அவளும் ஆட்டிப் பார்த்தவள்தான். அவள் ஆட்டினால் பிள்ளை அழும். கோவர்த்தனன் ஆட்டினால் கோவர்த்தனன் தூங்கிவிடுவான்.

“உங்க தம்பி கட்டிலு எப்போ செய்வாராம்? பொங்கலுக்கு முன்னாடியே சொன்னாரு.”

“அவன இன்னாத்துக்குக் கேக்குற? எல்லைய இழுத்துக் கட்டிட்டு அப்பாலதான் கட்டிலுக்கு வருவான்.”

அது என்னவோ உண்மைதான். சித்தூர் ஜில்லா ஆந்திராவோடு போனதிலிருந்து புத்தூர், நகரிப் பக்கம் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் எல்லைப் பேச்சுதான். எந்த ஊர் ஆந்திராவில் நிற்கிறது, எந்த ஊர் மெட்ராஸோடு போகிறது என்று கமிஷன் வந்து கேட்டுக்கொண்டிருந்த காலம். கோவர்த்தனன் சைக்கிளை எடுத்துக்கொண்டு திருத்தணிக்கும் நகரிக்கும் மிதித்தான். எந்த ஆற்றோடு கோடு போக வேண்டும், எந்த மலைக்கு இந்தப் பக்கம் கல் நட வேண்டும் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வந்தான். ராத்திரிச் சோற்றைப் பிசையும்போதும் இலையில் கோடு இழுத்துக் காட்டினான். தாட்சாயணி அந்தக் கோட்டின்மேல் ரசத்தை ஊற்றினாள். எந்தச் சர்க்கார் வந்தாலும் கயிறு தன் காலில்தான் இருக்கப் போகிறது என்பது அவளுக்குத் தெரியும்.

பாயில் படுக்க வைத்தால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. கடலை மூட்டைகள் அடுக்கிய வீட்டில் தேள் வராமல் இருக்காது. போன வருஷம் அடுப்படிச் சுவரோரம் மூன்றை அடித்தார்கள். தூங்குகிற பிள்ளை புரண்டு மூட்டை இடுக்கில் போய்க் கிடக்கும். ஆகவே தரையில் இல்லாமல், உயரமும் இல்லாமல், நாலு பக்கமும் ஒரு சாண் பலகை நிற்கிற மாதிரி ஒரு சின்னக் கட்டில். அதில் யாருக்கும் வழக்கில்லை. வழக்கெல்லாம் ஆணியில்தான்.

கர்ப்பக்காரி இருக்கிற வீட்டில் புருஷன்காரன் ஆணி அடிக்கக் கூடாது. அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கட்டு அது. கூரை மாற்ற மாட்டார்கள், கதவு வைக்க மாட்டார்கள், சுவரில் ஒரு முளை இறக்க மாட்டார்கள். தாட்சாயணி அதைப் பொருட்படுத்தாமலும் விட்டிருப்பாள். ஆனால் மூத்தவனுக்கு முன்னால் ஒன்று வயிற்றில் தங்காமல் போயிற்று. அந்த மாசம் கோவர்த்தனன் மாட்டுக் கொட்டகையில் தீவனத் தொட்டிக்குப் புதுப் பலகை அடித்திருந்தான். அதனால்தான் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் மறக்கவும் இல்லை. அந்தத் தொட்டியில் தீவனம் போடும்போதெல்லாம் தாட்சாயணி பலகையைப் பார்க்காமல் போட்டுவிட்டு வருவாள்.

“அப்போ தச்சர் கன்னையா வூட்டுல செஞ்சி எடுத்துக்கினு வரலாமே. ஆணி அவங்க வூட்டுல தான அடிக்கிறது” என்று ஒரு நாள் கேட்டுப் பார்த்தாள்.

செங்கம்மா மோவாயைத் தடவிக்கொண்டு நன்றாக யோசித்தாள். “வத்தும்மா. யாரு வூட்டுல அடிச்சா இன்னா, படுக்கப்போறது நம்ம புள்ள தான? ஆணி நம்ம பேருலதான் எறங்கும்” என்றாள். வேண்டாம் என்பதற்கு ஏர்பேட்டிலிருந்து அவளோடு வந்த தெலுங்கு ‘வத்து’ அவள் வாயில் விழுந்துவிட்டால் அது முடிந்த விஷயம்.

கோவர்த்தனனுக்கோ வேறு ரோஷம். “ஒரு கட்டிலுக்குத் தச்சனக் கூப்பிடுவியா? ஆணியே இல்லாம செய்யிறேன் பாரு. அந்தக் காலத்துல தேரே ஆணி இல்லாம செஞ்சான்” என்றான்.

“தேரு வாணாம். கட்டிலு போதும்.”

“செய்யிறேன்றன்ல.”

“எப்போ?”

“நாளன்னிக்கி திருத்தணியில மீட்டிங்கு. அது ஆயிடட்டும்.”

அது ஆகி, அதற்கடுத்ததும் ஆகி, சித்திரை வெயில் ஏறிய ஒரு மத்தியானம் அவன் சைக்கிளைச் சாத்திவிட்டு நேராக ஏணையிடம் போனான். தாட்சாயணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கையில் ஒரு கயிற்றுத் துண்டு. தூங்குகிற பிள்ளையின் தலைக்கு நேராக ஒரு முனையைப் பிடித்து, காலுக்கு நேராக இன்னொரு முனையைப் பிடித்து, அங்கே ஒரு முடிச்சுப் போட்டான்.

“எழுப்பிடாதீங்க!”

“அளவு எடுக்கிறேன். நீ உன் வேலயப் பாரு.”

அவளுக்கு வந்த சந்தோஷத்தில் வேறெதுவும் தோன்றவில்லை. அன்றைக்கு அவனுக்குக் கத்தரிக்காயில் கூடுதலாக ஒரு கரண்டி எண்ணெய் விழுந்தது.

கொட்டகைக்குப் பின்னால் பழைய மாட்டுவண்டி ஒன்று அச்சு முறிந்து கிடந்தது. அதன் பலகைகளை எடுப்பதென்று முடிவு செய்தான். பலகையில் ஏற்கெனவே ஆணிகள் இருந்தன. ஆணி அடிக்கத்தானே கூடாது, பிடுங்கலாமா என்று ஒரு கேள்வி வந்தது. செங்கம்மா அதற்கு ஒரு ராத்திரி எடுத்துக்கொண்டாள். காலையில், “அடிக்கவும் வாணாம், புடுங்கவும் வாணாம்” என்றாள். கோவர்த்தனன் பலகைகளைத் தலையில் வைத்துக்கொண்டு கன்னையாவின் பட்டறைக்குப் போய் அங்கே பிடுங்கிக்கொண்டு வந்தான். “ஆணியப் புடுங்க மட்டும் தச்சன் வேணுமா?” என்று கன்னையா சிரித்தாராம். அதை வீட்டில் வந்து சொல்லும்போது கோவர்த்தனன் சிரிக்கவில்லை.

பிறகு இரண்டு நாள் கொட்டகையில் கிடந்தான். ஆணி இருந்த ஓட்டைகளைச் சூட்டுக்கோலால் பெரிசாக்கி, புளிச்சநார்க் கயிற்றை நனைத்து அவற்றில் கோத்து, கால்களையும் பலகைகளையும் சேர்த்து இறுக்கிக் கட்டினான். காய்ந்தால் கயிறு இரும்பாகிவிடும் என்றான். தாட்சாயணி மோர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நின்று பார்த்தாள். அவன் முதுகில் வேர்வை ஓடியது. இவ்வளவு பாடுபடுகிற மனுஷனை இத்தனை மாசம் என்னென்னவோ நினைத்துவிட்டோமே என்றுகூட ஒரு நிமிஷம் இருந்தது அவளுக்கு.

நல்ல நாள் பார்த்துச் செங்கம்மா ஏணையை அவிழ்த்தாள். வெறும் ஏணை காற்றில் ஆடினால் பிள்ளைக்கு வயிறு வலிக்கும். அதனால் அவிழ்த்த கையோடு உதறி மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். “இனிமே சின்னது வந்து, பேரு வெக்கிற அன்னிக்கிதான் இத்த வெளிய எடுக்கணும். நடுவுல எந்தப் பொடவையிலயும் ஏணை கட்டக் கூடாது” என்று பெட்டியைப் பூட்டினாள். உத்திரத்தில் கயிறு தேய்த்த இடம் மட்டும் வழவழவென்று தெரிந்தது. தாட்சாயணி கால் விரலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தச் சாயந்தரம் அவள் சும்மா, ஒரு காரியமும் இல்லாமல், தெருக்கோடி வரைக்கும் நடந்துவிட்டு வந்தாள்.

அந்த ஒரு ராத்திரி பிள்ளை அவள் தோளிலேயே தூங்கினான்; மறுநாள் மத்தியானம் கட்டில் உள்ளே வந்தது. சாம்பிராணி போட்டார்கள். பழந்துணி விரித்து, பிள்ளையைத் தூக்கி உள்ளே விட்டான் கோவர்த்தனன். பிள்ளை பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் வண்டி ஓட்டினான். பிறகு தாட்சாயணி, “படு நைனா, படுத்துக்கோ நைனா” என்று தட்டித் தட்டிச் சாய்த்தாள். பிள்ளை படுத்தான். காலை நீட்டினான். முழங்கால் மடங்கியே நின்றது. பாதம் பலகையில் முட்டியது. மேலே நகர்த்தினாள்; தலை முட்டியது. பிள்ளை இரண்டு பக்கமும் மாறி மாறி முட்டிக்கொண்டு வீறிட்டு அழுதான்.

தாட்சாயணி கட்டிலைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள்.

“நீங்க எப்பிடி அளந்தீங்க?”

“நீதான பாத்தியே. தலையிலேர்ந்து கால் வரிக்கும் கயிறு புடிச்சித்தான் அளந்தேன்.”

“ஏணையில கெடக்க சொல்லவா?”

“தூங்க சொல்லதான அளக்கணும்? முழிச்சிக்கினா நிக்கிறானா அவன்?”

“ஏணையில புள்ள எப்பிடிப் படுத்துக்கினு இருக்கும்? வில்லாட்டம் வளஞ்சிதான இருக்கும்! முட்டியெல்லாம் மேல வந்துடும். நீங்க வில்லுக்கு நாண் அளந்துட்டு வந்துகீறீங்க!”

கோவர்த்தனன் பிள்ளையைத் தூக்கி நிற்க வைத்து, இடுப்பு வேட்டியிலிருந்து அந்த முடிச்சுப் போட்ட கயிற்றை எடுத்துத் தலையிலிருந்து பிடித்துப் பார்த்தான். முடிச்சு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

“அட” என்றான்.

“நகரி எங்க முடியுது, திருத்தணி எங்க ஆரம்பிக்குதுன்னு ஊருக்கெல்லாம் அளந்து சொல்றீங்க. பெத்த புள்ள எங்க முடியுதுன்னு தெரியலியா?”

செங்கம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது.

“நீயும் பாத்துக்கினு தான இருந்த? அன்னிக்கே சொல்றது” என்றான் கோவர்த்தனன். தாட்சாயணி அன்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கத்தரிக்காயில் விழுந்த எண்ணெய் ஞாபகத்துக்கு வந்தது.

அன்றிலிருந்து நாலைந்து நாள் அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் சரியாக இல்லை. ஏணை பெட்டிக்குள் போய்விட்டது. செங்கம்மா சாவியைத் தரமாட்டாள். பிள்ளையைத் தாட்சாயணி தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். நடந்தால் தூங்குவான், உட்கார்ந்தால் எழுவான். காலுக்கு விடுதலை வந்துவிட்டது என்று நினைத்தவளுக்கு இப்போது இரண்டு காலும் போயிற்று. வயிறு முன்னால் இழுத்தது, பிள்ளை பின்னால் இழுத்தான். விதைக்கடலை பாதி மூட்டை உரிக்காமல் கிடந்தது. ஒரு நாள் சாவியைக் கேட்டே விட்டாள்.

“வயித்துல இருக்கிறத வெச்சிக்கினு கேக்கிறியா இத்த?” என்றாள் செங்கம்மா. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குப் பேசியிருக்கலாம். “குடு, நான் தூக்கிக்கிறேன்” என்று பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பிள்ளை கத்தினான், தெருவே எட்டிப் பார்த்தது, தாட்சாயணி திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“திருப்பதியில பஜார்ல கட்டிலு விக்குது. அளவு சொன்னா எடுத்துக்கினு வரலாம்” என்று அன்று புருஷனிடம் சொன்னாள். “அளவு நான் எடுத்துத் தரேன்.”

கடைசி வார்த்தையைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். கோவர்த்தனன் முகம் சுண்டிப் போயிற்று. எழுந்துபோய்க் கட்டிலைக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனான். அன்றைக்குத் திருத்தணி மீட்டிங்குக்குப் போகவில்லை. அது அவனைப் பொறுத்தவரை பெரிய காரியம்தான்.

நீளத்தைக் கூட்ட வேறு பலகை இல்லை. கால்பக்கத்துப் பலகையை அவிழ்த்து எடுத்துவிட்டான். வண்டியில் ஏறி இறங்கக் கட்டியிருந்த ஒரு துண்டுப் பலகையை அடியில் கொடுத்து வெளியே நீட்டிக் கட்டினான். இப்போது பிள்ளை நீட்டிப் படுக்க இடம் இருந்தது. ஆனால் நாலு பக்கமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்த கட்டுகளில் ஒரு பக்கம் போய்விட்டதால், மற்ற மூன்றும் தளர்ந்தன. கயிறு காய்ந்தால் இரும்பாகும் என்றானே, அது காய்ந்து தொய்ந்துவிட்டது. கையை வைத்தால் கட்டில் இப்படி ஒரு சாய்வு, அப்படி ஒரு சாய்வு. கிரீச்சென்று ஒரு சத்தம்.

“ஆடுதே” என்றாள் தாட்சாயணி.

“ஒரு ஆணி, ஒரே ஒரு ஆணி அடிச்சா நிக்கும்” என்றான் கோவர்த்தனன், அடுப்படிப் பக்கம் கேட்கிற மாதிரி.

“வத்து!” என்று அடுப்படியிலிருந்து வந்தது.

பிள்ளையை விட்டார்கள். பிள்ளை படுத்தான். காலை நீட்டினான், நன்றாக நீண்டது. தாட்சாயணி மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தாள். பிள்ளை ஒரு பக்கம் புரண்டான். கட்டில் கிரீச்சென்று சாய்ந்து, மறுபடியும் கிரீச்சென்று நிமிர்ந்தது. பிள்ளையின் கண் பெரிசாயிற்று. வேண்டுமென்றே இன்னொரு தரம் புரண்டான். கட்டில் ஆடியது. அவன் சிரித்தான்.

“ஆட்டு” என்றான்.

“இல்ல நைனா, இது ஆடாது. இது கட்டிலு.”

“ஆட்டு!”

தாட்சாயணி கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தாள். பிள்ளை அழத் தொடங்கினான். கோவர்த்தனன் எட்டிக் கட்டிலின் விளிம்பைப் பிடித்து இரண்டு தள்ளுத் தள்ளினான். கிரீச், கிரீச். அழுகை நின்றது. இன்னும் நாலு தள்ளு. பிள்ளையின் கண் செருகியது. ஐந்து நாளாகத் தோளைவிட்டு இறங்காத பிள்ளை, வாயைத் திறந்துகொண்டு, கையை விரித்துப் போட்டுக்கொண்டு தூங்கிப் போனான்.

“பாத்தியா!” என்றான் கோவர்த்தனன் குரலைத் தாழ்த்தி. முகமெல்லாம் வெளிச்சம். “தூங்கிட்டான். உன் ஏணையவிட நல்லா தூங்குறான். அக்கா, வந்து பாரு.”

செங்கம்மா ஈரக்கையோடு வந்து பார்த்தாள். “பரவால்லடா. நம்ம நைனா புத்தி உனக்கும் கொஞ்சம் கீது” என்றாள்.

தள்ளுவதை நிறுத்தியதும் பிள்ளையின் புருவம் சுருங்கியது. கோவர்த்தனன் மறுபடியும் தள்ளினான். நிறுத்தினான், சுருங்கியது. தள்ளினான். கை வலித்திருக்க வேண்டும். சுற்றிலும் பார்த்தான். மூலையில், ஏணையிலிருந்து அவிழ்த்துப்போட்ட பழைய கயிறு கிடந்தது. அதை எடுத்து வந்து கட்டிலின் காலில் ஒரு சுற்றுச் சுற்றி முடிந்தான். மறுமுனையில் சுருக்கு அப்படியே இருந்தது. இரண்டரை வருஷத்தில் அது பெருவிரலின் அளவுக்கே வட்டமாகிக் காய்ந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்டுபிடிப்பைக் காட்டுகிறவன் மாதிரி, தாட்சாயணியின் பக்கம் நீட்டினான்.

“இந்தா. ஒக்காந்த எடத்துலேர்ந்தே இழுக்கலாம். கையில கடலையும் உரிச்சிக்கலாம்.”

தாட்சாயணி அந்தச் சுருக்கைப் பார்த்தாள். விரலில் விளக்கெண்ணெய் தடவி ஆற்றிய இடத்தில் தோல் இப்போதுதான் இளஞ்சிவப்பாக மூடிக்கொண்டு வந்தது. கையைத் தரையில் ஊன்றி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்தாள். கயிற்றை வாங்கினாள். கோவர்த்தனன் திருப்தியாகச் சுவரில் சாய்ந்து காலை நீட்டினான். அவள் அந்தச் சுருக்கை அவனுடைய நீட்டிய காலின்மேல் மெதுவாக வைத்தாள்.

கட்டிலின் ஆட்டம் அடங்கியது. பிள்ளை முனகினான்.

“ஏய், இன்னா இது? எனக்கு சாயங்காலம் நகரிக்குப் போணும். ஜனங்க காத்துக்கினு இருப்பாங்க.”

அவள் மூலையிலிருந்த முறத்தையும் எடுக்கவில்லை. நிலைப்படியைத் தாண்டினாள்.

“தாட்சாயணி! அப்போ இத யாரு இழுக்கிறது?”

அவள் போய்க்கொண்டிருந்தாள். வெகு நாளைக்குப் பிறகு வேகமாக.